கப்பி மீனின் வாயில் வெள்ளை: பூஞ்சை மருந்து ஊற்றலாமா?

"60 லிட்டர் தொட்டியில் 6 கப்பியும் 8 நியான் டெட்ராவும் இருக்கின்றன. நேற்றிலிருந்து ஒரு கப்பியின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இரை எடுப்பதில்லை, மூலையிலேயே நிற்கிறது. பூஞ்சை மருந்து ஊற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புட்டியைத் திறக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இதே வெள்ளையைப் பார்த்துப் பதறியவன் நான். வெள்ளைப் புள்ளி நோய் என்று நினைத்து ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினேன். பூஞ்சையாகவும் இருக்குமோ என்று அதற்கும் ஒரு மருந்தை ஊற்றினேன். நாலே நாளில் தொட்டி பாதி காலி. பிறகுதான் புரிந்தது, அது இரண்டுமே இல்லை. காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். பூஞ்சை மருந்து அதை ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரோ அதற்குக் கொண்டாட்டம். நோய்க்கு நானே தீனி போட்டிருக்கிறேன்.

மீனில் 'வெள்ளை' என்று நாம் சொல்வதற்குள் நாலைந்து நோய் ஒளிந்திருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உப்புக் கல்லைத் தூவியது போல, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய புள்ளிகள் உடம்பிலும் துடுப்பிலும் இருந்தால் வெள்ளைப் புள்ளி நோய். புள்ளியே தெரியாமல், பொன்தூள் பூசியது போல மினுமினுத்தால் வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய். நேரே பார்த்தால் இது கண்ணில் படவே படாது. தண்ணீரில் அசைகிற பஞ்சு, அதுவும் ஏற்கெனவே அடிபட்ட இடத்தில் என்றால் பூஞ்சை. பஞ்சு போல எழும்பாமல், சாம்பல் கலந்த வெள்ளையாக உதட்டோடு ஒட்டிக்கிடந்தாலோ, முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டது போலத் தோல் வெளுத்திருந்தாலோ காலம்னாரிஸை முதலில் சந்தேகப்படுங்கள். இதன் வேகம் தனி: காலையில் உதட்டில் இருந்தது மறுநாள் கன்னத்துக்கு வந்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தோலைச் சுரண்டி நுண்நோக்கியில்தான் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத நமக்குக் கண்ணும் கடிகாரமும்தான்.

(தங்கமீன் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் செவுள் மூடியில் வரிசையாக வெள்ளை முத்துகள் வரும். அது நோயில்லை. அதற்கும் மருந்து ஊற்றியவர்கள் உண்டு.)

ஆனால் மீனைப் பார்க்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை மீனுக்கு, எவ்வளவு நேரத்தில்? எல்லா மீனும் ஒரே நாளில் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினால் அது பெரும்பாலும் நோயல்ல, தண்ணீர். ஒரு மீன், அடுத்த நாள் இன்னொன்று என்று வந்தால்தான் தொற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்பதெல்லாம் கிடையாது. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். ஒரே எண் ஒரு தொட்டியில் தாங்கக்கூடியதாகவும் இன்னொன்றில் கொல்வதாகவும் இருப்பது இதனால்தான். நைட்ரைட் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும். செவுளும் சிவப்பு போய்ப் பழுப்படிக்கும். போன வாரம் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினீர்களா? அப்படியானால் குளோரின், இந்த நச்சுகளைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை அதில் கொன்றிருக்கலாம். புது மீன் ஏதாவது சேர்த்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இயல்பாக மீன் என்ன செய்யும் என்று தெரியாவிட்டால் எல்லாமே நோயாகத் தெரியும். கோரிடோரஸ் என்கிற அடிமட்ட மீன் விருட்டென்று மேலே போய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். பீட்டாவும் கௌராமியும் காற்றைச் சுவாசிப்பவைதான். இருட்டில் நியான் டெட்ராவின் நிறம் மங்கும், விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். திரும்பாமல் நீலக்கோட்டின் நடுவே ஓரிடம் மட்டும் வெளுத்து, உள்தசை பால் போலத் தெரிந்து, முதுகும் வளைய ஆரம்பித்தால் அது நியான் டெட்ரா நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்த மீனைத் தனியே எடுத்துவிடுவது மற்றவற்றுக்கு நல்லது.

இனி உங்கள் கப்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் காலம்னாரிஸ்தான் தோன்றுகிறது. படம் இல்லாமல் அதற்கு மேல் சொல்லமாட்டேன். இன்றே அதை ஏர் ஸ்டோனோடு (காற்றுக் குமிழி விடும் கல்) ஒரு தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், தொட்டித் தண்ணீரையே ஊற்றி. ஹீட்டர் இருந்தால் 24 டிகிரிக்கு மெதுவாக இறக்குங்கள், ஏற்றாதீர்கள். மருந்து வாங்கும்போது மூடியில் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள்: நைட்ரோஃபியுராசோன், கானாமைசின் போன்ற பாக்டீரியா மருந்தா, அல்லது பூஞ்சைக்கும் ஒட்டுண்ணிக்கும் போடும் வெறும் மாலக்கைட் கிரீனா? பின்னது இதற்கு உதவாது. பாக்டீரியா மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபடலாம். தனித் தொட்டி அதற்காகவும்தான். அதில் வைக்கும் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.

பெரிய தொட்டியில் அம்மோனியா தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றுங்கள், ஒரு நாள் இரை போடாதீர்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் உள்ளே விடாதீர்கள். மீனின் காசநோய்க் கிருமி வகை ஒன்று மனிதத் தோலிலும் ஆறாத புண்ணாக வரும்.

நாளைக் காலை விளக்குப் போட்டதும் மற்ற 5 கப்பிகளின் உதட்டைப் பாருங்கள். ஒன்றில் தெரிந்தாலும் அதையும் அதே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.