கெட்டிக்காரன்தான், ஆனால் படிக்கிறானில்லை

அன்புள்ள அம்மா,

போன வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் வெளியே சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே வருவதற்குள் நீங்கள் சொன்ன முதல் வசனம், "கெட்டிக்காரன்தான் சேர், ஆனால் படிக்கிறானில்லை." யாழ்ப்பாணத்தில் மாணவருக்கு ஆலோசனை சொல்கிற வேலையைச் செய்கிற எனக்கு வாரத்துக்கு நாலு தரமாவது காதில் விழுகிற வசனம் அது. அன்றைக்கு அவனுக்கு முன்னால் சில விசயங்களைக் கதைக்க முடியவில்லை. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

அவனுடைய பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன், நினைவிருக்கும். நீங்கள் அதன் அட்டையைத்தான் பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே புரட்டினேன். பல்தேர்வுப் பகுதியில் ஒவ்வொரு வருடத்து வினாத்தாளிலும் முதல் பன்னிரண்டு, பதினைந்து கேள்விகளுக்கு விடை குறித்திருக்கிறான். பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கணக்குகள், எல்லாம் துப்புரவாக. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த வருடத் தாளில் மறுபடி முதலாம் கேள்வி. ஐம்பது கேள்வியையும் செய்து முடித்த தாள் ஒன்றுகூட இல்லை. புத்தகத்தின் பின்பக்கம் விடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கங்கள் கடையில் வாங்கியபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"ஏன் தம்பி புள்ளி போட்டுப் பார்க்கேல்லை?" என்று கேட்டேன். "முழுக்கச் செய்துபோட்டுப் போடுவம் எண்டு விட்டனான்" என்றான்.

அம்மா, சோம்பேறிப் பெடியன் பதினைந்து பேப்பரைத் தொடங்கமாட்டான். உங்கள் மகன் படிப்புக்குப் பயப்படவில்லை. அந்தப் புள்ளிக்குத்தான் பயப்படுகிறான்.

பதினொராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தான். சொந்தக்காரர், ரியூட்டரி, கோயில் வீதி என்று எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: கெட்டிக்காரன். அப்புறம் பல்கலைக்கழகம் போவதற்கு எழுதுகிற உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இணைந்த கணிதம் எப்படிப்பட்ட பாடம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். பத்தாம், பதினொராம் வகுப்பில் மாதிரி வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய பிள்ளை, இங்கே வந்து முதல் தவணையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்குள் ஒரு சந்தேகம் எழும்புகிறது: "அந்த ஒன்பது ஏயும் உண்மையிலேயே என்னுடைய கெட்டித்தனமா?" அதற்குப் பதில் கிடைத்துவிடக்கூடாது என்று அவன் நினைக்கிறான். முழுமூச்சாகப் படித்தும் மூன்று எஸ், அதாவது மூன்று பாடத்துக்கும் ஆகக் குறைந்த சித்தி, வந்தால் பதில் கிடைத்ததாகிவிடும். படிக்காமல் மூன்று எஸ் வந்தால் பெயர் தப்பும். "படிச்சிருந்தால் எடுத்திருப்பான்" என்று நீங்களே ஊருக்குச் சொல்வீர்கள். சொல்லிக்கொண்டும் இருக்கிறீர்கள்.

1978இல் பேர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, குருட்டாம்போக்கில் பதில் சொல்லவிட்டு, "நன்றாகச் செய்துவிட்டாய்" என்று பாராட்டினார்கள். அடுத்த சோதனைக்கு முன்னால் இரண்டு மருந்துகளைக் காட்டினார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும், விரும்பியதை எடுக்கலாம் என்றார்கள். எப்படி வந்தது என்று தனக்கே தெரியாத வெற்றியைப் பெற்ற ஆண் மாணவர்களில் பெரும்பாலானோர் எடுத்தது மந்தமாக்கும் மருந்தை. அடுத்ததில் விழுந்தாலும் பழி மருந்தின் தலையில் போகுமல்லவா? உங்கள் மகனுக்கு அந்த மருந்து, இரவு ஒரு மணி வரைக்கும் போன்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து போய், சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலில், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைச் சொன்னீர்கள். "இவனுக்கு கரண்ட் இருக்கு, ஃபான் இருக்கு, தனி அறை இருக்கு, என்ன குறை?" என்று கேட்டீர்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்த தலைமுறைதான் நானும். அந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நாங்கள் தோற்றிருந்தால் யாராவது எங்களை மொக்கர் என்று சொல்லியிருப்பார்களா? செல்லடி, இடப்பெயர்வு, பள்ளிக்கூடமே இல்லை என்று காரணம் கூடவே நின்றது. அதனால் துணிந்து முயன்றோம். அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதுதான் அவனுடைய குறை. தோற்றால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். வெளியே கிடைக்காததால் அதைத் தன் கையாலேயே செய்துகொள்கிறான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எனக்கு இருபத்தாறு வயதில் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பி, படம் ஒட்டி, முத்திரையும் ஒட்டி, மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். திகதி முடிந்து நாலாம் நாள் தபாலில் போட்டேன். "தபால் பிந்திவிட்டது" என்று பத்து வருடமாக எல்லாருக்கும் சொல்லிவந்தேன். என் மனைவிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகவே, உயர்தரத்துக்கு இரண்டாம் தடவை விண்ணப்பிக்கிற கடைசி நாள் பின்னேரம் "சைட் வேலை செய்யேல்லை" என்று அவன் சொன்னதும், நீங்கள் கொமினிகேசன் கடைக்கு ஓடிப்போய் நிரப்பிக் கொடுத்ததும் எனக்குப் புதுமையாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள்: "மூத்தவன் இவனுக்காகத்தான் படிப்பை விட்டுட்டு கட்டாருக்குப் போனவன்." அந்த நேரம் அவன் என்னையும் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. சைக்கிள் திறப்பால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அண்ணன் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வெற்றியும் ஒரு பாரம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் பதிவுத் திகதியைத் தவறவிட்ட பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்று தையல் மெசினில் இருந்த அக்காவைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. அவளிடமிருந்து இதை எடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மூத்தவன் அழைப்பெடுக்கும்போது தம்பியோடு அவன் தனியாகக் கதைக்கட்டும். "எனக்காகப் படி" என்று சொல்லாமல், "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு, நீ உன்ரை பாட்டைப் பார்" என்று அவன் வாயாலேயே வந்தால், நான் பத்துத் தரம் கதைப்பதைவிடப் பெரிது. உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கெட்டிக்காரன் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் நிறுத்துங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மியுலர், ட்வெக் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. "நீ கெட்டிக்காரி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த தரம் சுலபமான கணக்கைத் தேடினார்கள். பாடுபட்டாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதை எடுத்தார்கள். இன்னும் ஒன்று, கெட்டித்தனத்துக்குப் பாராட்டு வாங்கியவர்களில் பலர் தாங்கள் எடுத்த புள்ளியைக் கூட்டியும் எழுதினார்கள். ஆனால் திட்டுவதும் வேலைக்கு உதவாது. கனடாவில் முதலாம் வருட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், முதல் சோதனைக்குப் படிக்காமல் கடத்தியதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள்தான் அடுத்த சோதனைக்குக் குறைவாகக் கடத்தினார்கள். அது 2010இல் வெளிவந்தது. போன தடவை விசயத்தை முடித்துவிடுங்கள். நாவூறு, கிரகம், ரியூசன் சேர் சரியில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவையும் அவனுக்கு நீங்கள் எடுத்துக்கொடுக்கிற காரணங்கள். நாவூறு கழிப்பதைக் கழியுங்கள், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்குக் கேட்கும்படி சொல்லாதீர்கள்.

படிப்பு நேரத்தை அவன் மனநிலையிடம் விடக்கூடாது. பக்கத்துக் கோயிலில் பின்னேரப் பூசை மணி கேட்டால் பேப்பரை விரிப்பது என்று ஒரு ஒப்பந்தம் அவனோடு போட்டிருக்கிறேன். இருபது கேள்வி, நாற்பது நிமிடம், உடனே விடை பார்த்துப் புள்ளி. புள்ளி எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை, போடாமல் எழும்பக்கூடாது. அந்தக் கொப்பியை நீங்கள் திறந்து பார்க்கக்கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மாற்று வழியைப் பற்றிக் கதைத்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு உயர்தரத்தை விட்டுவிடுவான் என்று நீங்கள் பயந்தீர்கள். என் அனுபவம் நேர்மாறானது. விழுந்தால் பாதாளம் என்று நினைக்கிறவன்தான் மரத்தில் ஏறவே மாட்டான். மூன்று எஸ் சித்திதான். அதைத் தோல்வி என்று சொல்வதை நிறுத்துங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம், இது இரண்டாவது. குருநகரில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள், ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமன். ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்த ஜேர்மன் நிலையத்தின் வேலைத்தளத்தை அவன் பார்த்துவிட்டு வரட்டும். மாணவர் விசாவுக்கு முகவரைப் பார்ப்பதை மட்டும் சோதனை முடியும் வரை தள்ளிவையுங்கள். இப்போது அதைத் தொடங்கினால் படிக்காமல் இருக்க முப்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு காரணம் வாங்கிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

ஒரு எச்சரிக்கையையும் எழுதிவிடுகிறேன். இங்கே நான் சொன்னது பயத்தைப் பற்றி. அவன் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லாமல், சாப்பாட்டில் மனம் இல்லாமல், நண்பர்களையும் விட்டு ஒதுங்கி இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, என்னிடம் வரவேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநல வைத்தியரிடம் நேரே கூட்டிக்கொண்டு போங்கள். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிற இடம் இது இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவனை அனுப்புங்கள். என் அறையில் ஒரு முழுப் பல்தேர்வுத் தாள், ஐம்பது கேள்வி, இரண்டு மணித்தியாலம். திருத்துவதும் அவனே. கல்குலேட்டர் வேண்டாம், சோதனை மண்டபத்திலும் விடமாட்டார்கள். பேனை, பென்சில், அழிறப்பர், ஒரு மணிக்கூடு போதும். நீங்கள் வரவேண்டாம், அவன் தனியாக சைக்கிளில் வரட்டும்.