கீழ்க்கால் எலும்பில் விரிசல் வந்து மூன்று மாதம் ஓய்வெடுத்த பிறகு மறுபடி ஓடத் தொடங்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், மூன்று மாதம் ஓய்வு. இப்போது மருத்துவர் "ஓடலாம், மெதுவாகத் தொடங்குங்கள்" என்றிருக்கிறார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கலாமா?

இதே எலும்பு எனக்கு இரண்டு முறை விரிசல் கண்டது. இரண்டாவது முறைக்குக் காரணம், முதல் முறைக்குப் பிறகு நான் திரும்பி வந்த விதம்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கமாக ஓடுவேன். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அதே சாலைதான். வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் 45க்குப் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் விரிசல் தெரிந்தது. (முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சாதாரணம். வலி இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.)

பத்து வாரம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வந்தேன். முதல் வாரம் இரண்டு நிமிடத்துக்கே மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் பழைய மூச்சு வந்துவிட்டது. மூச்சு வந்ததால் காலும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிற்காமல் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் ஓடினேன். சந்தோஷமான ஓட்டம் அது, பொய் சொல்லவில்லை. திரும்பி வருவதற்கு மெட்ரோதான் பிடிக்க வேண்டியிருந்தது. அதே இடம், அதே வலி.

மூச்சு ஒரு வேகத்தில் திரும்பும், எலும்பு வேறொரு வேகத்தில் திரும்பும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு அப்படி இல்லை. புதிய பாரம் விழுந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கிறது, அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். அப்புறம்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது, அதற்கு மூன்று மாதம் போல ஆகும். அதாவது ஓடத் தொடங்கி மூன்று, நான்கு வாரம் ஆகும்போது, நீங்கள் ரொம்ப நன்றாக உணரும் அதே நேரத்தில், எலும்பு தொடங்கிய நாளைவிட பலவீனமாக இருக்கலாம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு இன்னொரு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஓடத் தொடங்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். எலும்பை ஒரே விரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பாருங்கள், எந்த இடத்திலும் சுரீர் என்று இருக்கக் கூடாது. வேகமாக 45 நிமிடம் நடந்து பாருங்கள். அன்றும் வலிக்கக் கூடாது, மறுநாள் காலையும் வலிக்கக் கூடாது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள், அதே காலில் பத்து முறை குதியுங்கள். ஏதாவது ஒன்றில் வலி வந்தாலும் இன்னும் நடைதான்.

அந்த நடை மாதங்களை நான் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கழித்தேன். 1949இல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம், இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. ஓடிப் பழகியவளுக்கு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் நடக்க வரும் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அழுவுற மாதிரி நடக்குற? நடந்துனே இரு, அதுவும் வேலதான்" என்றார். அவர் சொன்னது மருத்துவப்படியும் சரி. நடையின் பாரமும் எலும்புக்கு வேண்டியதுதான்.

இரண்டாவது முறை நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு நிமிடக் கணக்குக்கு மாறினேன். 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, இதை ஆறு தடவை. மொத்தம் அரை மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும், அதில் சமரசமே கிடையாது. நாலைந்து முறை வலி இல்லாமல் முடிந்தால் அடுத்த படி: 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை. அப்புறம் 3க்கு 2, அப்புறம் 4க்கு 1. இப்படிப் போய் நிற்காமல் 30 நிமிடம் ஓட எனக்கு ஒன்பது வாரம் ஆனது. உங்களுக்கு ஏழும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அந்த 30 நிமிடம் வரும்வரை வேகத்தைத் தொடவே வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதனால் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைவிட இந்தப் பேச்சுக் கணக்கு நம்பகமானது.

இன்னொன்று, அடியைச் சின்னதாக வையுங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணிப் பார்த்து, வேகத்தைக் கூட்டாமல் அதை 5 முதல் 10 சதவீதம் வரை கூட்டினால் ஒவ்வோர் அடியிலும் காலில் விழும் பாரம் குறையும். மண் தரை உள்ள மைதானம் கிடைத்தால் நல்லது. மணல் மெத்தென்று இருக்கிறதே என்று கடற்கரைக்குப் போகாதீர்கள். சரிவில் ஓடும்போது ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் விழும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

வலி விஷயத்தில் தசைநாருக்கு ஒரு கணக்கு, எலும்புக்கு வேறு கணக்கு. தசைநார்ப் பிரச்சினை என்றால் பத்துக்கு இரண்டு, மூன்று அளவு வலியோடு ஓடலாம் என்பார்கள். எலும்புக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் அலுப்பு பரவாயில்லை. ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படியான வலி என்றால் அந்த நிமிடமே நிறுத்தி நடந்து வீட்டுக்கு வாருங்கள். வலி முழுவதும் போன பிறகு ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். படுத்திருக்கும்போதும் வலித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி, யாரும் அதிகம் பேசாத விஷயம். விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் திட்டம் போட்டுப் பயனில்லை. நான் அந்த மாதங்களில் தூரத்தைக் கூட்டினேன், சாப்பாட்டைக் கூட்டவில்லை. காலையில் ஓடிவிட்டு டீயோடு ஆபீஸ் போனேன். மாதவிடாய் தள்ளிப் போனது, வேலை டென்ஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டத்துக்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் ஹார்மோன் குறைந்து எலும்பு மெலியும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதற்கு ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று அறிவித்திருக்கிறது. ஓடும் பெண்களே, மாதவிடாய் நின்றுபோவது நல்ல பயிற்சியின் அடையாளம் இல்லை. தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஊரில் இருந்தாலும் எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. அம்மா காலையில் கேழ்வரகுக் கூழும், முள்ளோடு சாப்பிடும்படி காசிமேட்டு நெத்திலியும் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டிலும் கால்சியம் நிறைய. அதைவிட முக்கியம், ஓடிவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே போவதை அவர் அனுமதிக்கவில்லை.

ஜனவரி பற்றி. இப்போது செப்டம்பர். எல்லாம் நன்றாகப் போனால் நவம்பர் நடுவில் 30 நிமிடம் வரும். அது நம் பக்கம் மழைக்காலம். தெருவில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, திறந்த மூடி எது என்று தெரியாது. அந்த நாட்களில் ஓட வேண்டாம், படியை அப்படியே தள்ளிப் போடுங்கள். ஆகவே 10 கிலோமீட்டருக்கு இந்த ஆண்டு பெயர் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பணம் கட்டிவிட்டால் தேதி உங்களைத் துரத்தும், நீங்கள் படியைத் தாண்டுவீர்கள். என் இரண்டாவது விரிசலுக்குப் பிறகு வந்த ஜனவரியில் நான் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றேன். முதல் அரை மணி நேரம் தொண்டை அடைத்தது. அப்புறம் கப் நிரப்புவதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த ஜனவரியில் ஓடினேன்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: விரிசல் எலும்பின் உள்பக்க ஓரத்திலா, முன்பக்கத்திலா? உள்பக்கம் என்றால் நான் சொன்ன கணக்கு பொருந்தும். முன்பக்கம் என்றால் அது ஆற நாளாகும், முழுதாக முறியவும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஆறிவிட்டது என்று ஸ்கேன் பார்த்து அவர் சொல்லும்வரை ஒரு நிமிடம்கூட ஓடாதீர்கள்.