அலுமினியத் தகட்டில் சோடியமும் கால்சியமும் தெரிவது ஏன்?

அலுமினியத் தகட்டின் மீது லேசர் துடிப்பு பாய்ச்சி, எழும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தபோது சோடியம், கால்சியம் கோடுகளும் தெரிந்தன, அவை உலோகக்கலவையிலேயே இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். சோடியத்தின் அந்த 589 நானோமீட்டர் இரட்டைக் கோடு பெரும்பாலும் உலோகத்திலிருந்து வரவில்லை, தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கிலிருந்து வருகிறது. உங்கள் உலோகக்கலவையைச் சந்தேகிக்க இது போதாது.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு லேசர் துடிப்பு கொடுத்து நிறமாலை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். முதல் துடிப்பு ஆவியாக்குவது மேற்பரப்பைத்தான். விரல் பட்டிருந்தால் வியர்வை உப்பு இருக்கும், சோடியமோ துளி அளவு இருந்தாலே பளிச்சென்று ஒளிரும். தூசியில் கால்சியம் சாதாரணம்.

இப்படிச் சரிபாருங்கள்:

1. கையுறை போட்டு, தகட்டை ஐசோபுரோப்பனாலால் துடைத்து உலரவிடுங்கள்.
2. ஒரே புள்ளியில் 20 துடிப்பு கொடுங்கள். சராசரி எடுக்காமல் ஒவ்வொன்றையும் தனியாகச் சேமியுங்கள்.
3. எத்தனையாவது துடிப்பு என்பதற்கு எதிரே சோடியத்தின் 589.0 கோட்டின் ஒளிச்செறிவை வரைபடமாக வரையுங்கள். அலுமினியத்தின் 394.4 கோடு ஏறக்குறைய நிலையாக இருக்க, சோடியம் மட்டும் முதல் சில துடிப்புகளில் சரிந்தால் அது மேற்பரப்பு அழுக்கு. அப்புறம் அந்தத் தொடக்கத் துடிப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் சராசரி எடுங்கள்.

அடுத்த புள்ளியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். லேசர் தோண்டிய குழியிலிருந்து தெறித்த தூள் சுற்றிலும் படிந்திருக்கும்.

கால்சியத்தில் கவனம் தேவை. அதன் 396.8 கோட்டுக்குப் பக்கத்திலேயே அலுமினியத்தின் 396.2 இருக்கிறது. நிறமாலைமானியின் பகுதிறன் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) குறைவென்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கால்சியத்தின் 393.4 கோட்டையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தகட்டில் மெல்லிய பூச்சு இருந்து, அதைத்தான் அளக்க வேண்டுமென்றால் இந்த வழி வேண்டாம். அழுக்கை நீக்கும் அந்தத் தொடக்கத் துடிப்புகளே பூச்சைத் தின்றுவிடும்.