வரிப் பணத்தில் வாங்கிய நிலம் ஏன் பூட்டியே கிடக்கிறது?

பணம் வீணாகவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பீவர்டனில், உங்கள் தெருக்கோடியில் போர்ட்லாண்ட் மெட்ரோ என்ற வட்டார அரசு வாங்கிய நிலத்துக்குள் இன்னும் நடைபாதை வரவில்லையே, நமக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். பாதை இல்லாமலேயே அது மழைநீரை உறிஞ்சுகிறது. ஓடைக்கு நிழல் தந்து தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. சால்மன் மீனுக்கு அந்தக் குளிர்ச்சிதான் உயிர்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: 1995இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த 13.56 கோடி டாலர் கடன்பத்திரத்தின் முதல் நோக்கம், விலை ஏறும் முன் நிலத்தை வாங்கிப் போடுவது. பாதையைப் பிறகு போடலாம். வீடு முளைத்த காட்டை மீட்க முடியாது. பீவர்டன் அருகே உள்ள கூப்பர் மவுண்டன் நிலமும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான், பூங்காவாகத் திறந்தது 2009இல். எனக்கு அது சரியான வரிசையாகவே படுகிறது.

இரண்டு காரியம் செய்து பாருங்கள்:

1. அக்டோபரில் வரும் சொத்துவரிக் கணக்கில் மெட்ரோவின் கடன்பத்திரங்களை அடைக்க வாங்கும் தொகை தனியே இருக்கும். எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.
2. அந்த இடத்துக்குப் பொதுமக்கள் நுழைவுத் திட்டம் உண்டா என்று மெட்ரோவிடம் எழுதிக் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: காட்டுயிர்களின் வாழிடத்துக்காகவே வாங்கிய ஓடைக்கரை நிலங்கள் சில, திறக்கப்படாமலே போகலாம். திறந்தாலும் உங்கள் நாயை அழைத்துப் போக முடியாது. மெட்ரோவின் இயற்கைப் பூங்காக்களில் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை.