மனைவிக்கு நோய்: வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யலாமா?

மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம், கணக்காளர் வேலையை விட்டு வீட்டிலிருந்தே கணக்கெழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் விலகல் கடிதம் கொடுக்கும் முன் சேவைக்காலத்தைப் பாருங்கள். 15 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை (விலகும்போது முதலாளி தரும் தொகை) உண்டு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஓரிரு மாதம்தான் குறைகிறதென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி போடும் சம்பளத்தின் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியின் (ETF) 3 வீதமும் நின்றுவிடும். பலர் மறப்பது இதைத்தான், வாடிக்கையாளரிடம் கட்டணம் பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பனிக் காப்புறுதியில் மனைவி பெயர் இருந்தால் அதுவும் போய்விடும்.

டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம் பிடிக்கும், வந்தபிறகு அவருக்குக் களைப்பு வேறு. அந்த நாட்களில் வேலை எடுக்காதீர்கள். அப்புறம், இப்போதைய முதலாளியிடமே பகுதிநேரக் கணக்கு வேலை கேளுங்கள். முதல் வாடிக்கையாளர் அவராகவே இருக்கலாம்.