அந்த ‘ஏ’தான் கூட்டல்

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் 2¾-ஐத் தகா பின்னமாக மாற்றச் சொன்னால், “நாலு ரெண்டு எட்டு, எட்டும் மூணும் பதினொண்ணு” என்று ஒப்பித்து 11/4 என எழுதிவிடுகிறாள். ஏன் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்றால், “டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க” என்கிறாள். எனக்கும் காரணம் தெரியவில்லை, ஐயா.

பதில்: நானும் பல வருஷம் அதே மந்திரத்தைத்தான் ஓதவைத்தேன், அம்மா. ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “சார், 2x-னா பெருக்கல். 2¾ மட்டும் ஏன் பெருக்கல் இல்லை?” என்றான். சாக்பீஸோடு நின்றுவிட்டேன்.

மகளை 2¾-ஐ வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘இரண்டேமுக்கால்’. இரண்டையும் முக்காலையும் சேர்க்கிற அந்த ‘ஏ’தான் எழுத்தில் மறைந்துபோன கூட்டல் குறி. (அரைக்கு மட்டும் ‘ஏ’ வராது, இரண்டரைதான். அதற்கும் தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு!)

இனி எல்லாவற்றையும் காலாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு முழுவில் நாலு கால். இரண்டு முழுவில் எட்டு. கூடவே மூன்று கால் இருக்கிறது. ஆக, பதினொரு கால். பகுதியில் (கோட்டுக்குக் கீழே) உள்ள 4, எண்ணப்படும் துண்டு எது என்பதற்கான பெயர். அதனால்தான் அது மாறாமல் அப்படியே நிற்கிறது.

திரும்பி வருவது வகுத்தல். 47/6 என்றால் 47 துண்டுகளை ஆறு ஆறாகக் கட்டுங்கள்: 7 கட்டு, மீதி 5. விடை 7⅚. கால்குலேட்டர் 7.8333 என்று காட்டினால் பயப்படவேண்டாம். 7-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை 6-ஆல் பெருக்கினால் 4.9998, அதாவது ஏறத்தாழ 5 வரும். அந்த 5-தான் மீதி.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, −2¾. இதை −2 + ¾ என்று நினைத்து −5/4 எழுதுவார்கள். கழித்தல் குறி முழுவுக்கும் முக்காலுக்கும் சேர்த்துத்தான், விடை −11/4. மற்றொன்று, 2½ × 3½. முழுவை முழுவோடும் அரையை அரையோடும் பெருக்கி 6¼ என்பார்கள். 2 × ½, ½ × 3 இரண்டும் விட்டுப்போயின. அவை 1-ம் 1½-ம், 6¼-ஓடு சேர்த்தால் 8¾. தகா பின்னமாக்கினால் 5/2 × 7/2 = 35/4. ஒரே வரியில் முடிந்தது.

கேள்வி: விடையை 35/4 என்றே விடலாமா? பெயரே ‘தகா’ என்றிருக்கிறதே?

பதில்: பாவம், அது எந்தத் தகாத காரியமும் செய்யவில்லை. தொகுதி (மேலே உள்ள எண்) பகுதியைவிடச் சிறியதாக இல்லை, அவ்வளவுதான். கணக்கு இன்னும் தொடர்ந்தால் 35/4 என்றே விடுங்கள். நீளத்தையோ நேரத்தையோ ஒருவரிடம் வாயால் சொல்வதென்றால் எட்டேமுக்கால். வினாத்தாள் ‘கலப்பு பின்னமாகத் தருக’ என்று கேட்டிருந்தால் மட்டும் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.