கேளுங்கோ, சொல்லுறன்: சிப்ஸ் கடையும் ஊருக்கு ஊர் வேற

போன இதழில லண்டன் சிப்ஸ் கடை, அதுதான் மீனும் கிழங்குத் துண்டும் பொரிச்சு விக்கிற கடை, பற்றி ரெண்டு வரி எழுதினதுக்கு நிறையக் கடிதமும் வைபர் மெசேஜும் வந்திருக்கு. இஞ்ச வீட்டுக்கு வீடு ஆரோ ஒராள் அங்க இருக்கிறபடியால் கேள்வியள் எல்லாம் தேவையான கேள்வியளாத்தான் இருக்கு, கனபேர் கேட்டதுகளை எடுத்துப் பதில் சொல்லுறன்.

அக்கா, மகனுக்கு லீட்ஸில கம்பசுக்கு இடம் கிடைச்சிருக்கு. நாங்கள் சைவ சமய ஆக்கள், மீன் சாப்பிடுவம், ஆனா மாடு வீட்டுக்குள்ளயே எடுக்கிறேல்ல. ஃபிஷ் அன்ட் சிப்ஸ் எண்டால் எங்கயும் பயமில்லாமல் சாப்பிடலாம் எண்டு லண்டனில இருக்கிற என்ர தம்பி சொல்லுறான். சரியோ? (கோண்டாவில் வாசகி)

அம்மா, உங்கட தம்பி சொல்லுறது லண்டனுக்குப் பெரும்பாலும் சரி, ஆனா மகன் போறது லீட்ஸுக்கு. லீட்ஸ் இருக்கிறது இங்கிலாந்தின்ர வடக்கில யோர்க்ஷயரில, அங்கத்தைப் பழைய வழக்கம் என்னெண்டால் மாட்டுக்கொழுப்பை உருக்கிச் சுத்தப்படுத்தி அதிலதான் மீனையும் சிப்ஸையும் பொரிக்கிறது, பீஃப் டிரிப்பிங் எண்டு சொல்லுவினம். இண்டைக்கும் கன கடையள் அப்பிடித்தான் செய்யுது, அதை ஒளிக்கிறதும் இல்லை, பெருமையா போர்ட்டிலயே எழுதி வைப்பினம், ஏனெண்டால் அந்த ஊர்ச் சனத்துக்கு டிரிப்பிங்கில பொரிச்சால்தான் அது சிப்ஸ், நல்ல மொறுமொறுப்பும் தனி ருசியும் வரும் எண்டு அடிச்சுச் சொல்லுவினம். பேமிங்ஹாமுக்குப் பக்கத்தில பிளாக் கன்றி எண்ட பகுதியிலயும் டிரிப்பிங்கில பொரிக்கிற கடையள் இருக்கு, அங்க சிப்ஸுக்கு மேல மாவும் பூசி ஒரேஞ்ச் நிறத்தில பொரிச்சுத் தருவினம். தெற்குப் பக்கம் வந்தால் பாம் ஒயில், ரேப்சீட் ஒயில் மாதிரித் தாவர எண்ணெய்தான் கூட, அதாலதான் லண்டனில இருக்கிற எங்கட சனத்துக்கு இந்த யோசனையே வாறேல்ல.

பொரிச்ச சிப்ஸைப் பார்த்து எந்த எண்ணெய் எண்டு கண்டுபிடிக்க ஏலாது. ஆன வழி கேட்கிறதுதான். "என்னத்தில பொரிக்கிறியள்?" எண்டு ஓடர் குடுக்க முதலே கேட்கச் சொல்லுங்கோ, ஆரும் குறை நினைக்க மாட்டினம், முஸ்லிம் ஆக்களும் மரக்கறி ஆக்களும் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான் அது. லீட்ஸுக்குப் பக்கத்து பிராட்ஃபோர்ட்டில முஸ்லிம் சனம் கூட, அந்தப் பக்கம் தாவர எண்ணெய்க் கடை தேடினால் கிடைக்கும். சிப்ஸுக்கு மேல ஊத்துற கிரேவியிலயும் மாட்டுச்சாறு இருக்கக்கூடும், அதையும் கேட்க வேணும்.

இன்னொண்டு, வெள்ளிக்கிழமை. எங்களுக்கு வெள்ளி எண்டால் மரக்கறி, மச்சச் சட்டியே அடுப்பில ஏறாது. அங்க பழைய கிறிஸ்தவ வழக்கத்தால வெள்ளிதான் மீன் நாள், சிப்ஸ் கடையில கியூ நிக்கிறதும் அண்டைக்குத்தான், கூட்டாளிப் பெடியள் கூப்பிடுறதும் அண்டைக்குத்தான். வெள்ளி பிடிக்கிற பிள்ளையெண்டால் சிப்ஸை மட்டும் வாங்கித் தின்னலாம் எண்டு நினைச்சிடக் கூடாது, எண்ணெய் தாவர எண்ணெயா இருந்தாலும் மீனும் சொசேஜும் பொரிச்ச அதே எண்ணெயில சிப்ஸும் போடுற கடையள் நிறைய இருக்கு. போக முதலே இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ அம்மா, அங்க போய் ஒரு வருஷம் சாப்பிட்ட பிறகு தெரிய வந்து மனசு நோகிற பிள்ளையளும் இருக்கினம்.

கிளாஸ்கோவில இருக்கிற மருமகன் ஹடொக் எண்டுறார், லண்டனில இருக்கிற மகள் கொட் எண்டுறாள். நான் கடல் தொழில் செய்த ஆள், எது சரியான மீன்? (பருத்தித்துறை வாசகர்)

ரெண்டு பேரும் சரி ஐயா. ஸ்கொட்லாந்திலயும் யோர்க்ஷயரிலயும் ஹடொக், லண்டன் உட்பட தெற்கில கொட். ரெண்டும் ஒரே குடும்ப மீன், குளிர்க் கடல் மீன், ஹடொக் கொஞ்சம் சின்னன், ருசி கொஞ்சம் இனிப்பா இருக்கும், கொட்டின்ர தசை தடிப்பு, பெரிய பெரிய இதழா உதிரும்.

நீங்கள் கடலில நிண்ட ஆள் எண்டபடியால் இதையும் சொல்ல வேணும். ஹல், கிறிம்ஸ்பி எண்ட ரெண்டு துறைமுகத்திலயிருந்தும் பெரிய ட்ரோலர்கள் ஐஸ்லாந்துக் கடல் வரைக்கும் போய்த்தான் கொட் பிடிச்சுக்கொண்டு வந்தது. ஐஸ்லாந்து தன்ர கடல் எல்லையை 200 கடல் மைலுக்குத் தள்ளிக்கொண்டு போனதில நேவிக் கப்பலெல்லாம் இறங்கி, வலையை வெட்டி, கப்பலோட கப்பல் மோதி, கொட் யுத்தம் எண்டே பேர் வந்திட்டுது, கடைசியா 1976 இல பிரிட்டன் விட்டுக்குடுத்துது. அதோட அந்த ரெண்டு ஊரின்ர தூரக்கடல் தொழிலும் படுத்து எத்தினையோ குடும்பம் தொழில் இல்லாமல் போச்சுது. ட்ரோலராலயும் எல்லையாலயும் ஒரு கரைச் சனம் என்ன பாடுபடும் எண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இப்ப பிரிட்டன் சனம் சாப்பிடுற கொட்டில பெரும்பங்கு ஐஸ்லாந்து, நோர்வே பக்கத்துக் கடலிலயிருந்து வாங்கிறதுதான்.

மகளிட்டச் சொல்லுங்கோ, லண்டன் கடையில ரொக் சல்மன் எண்டு எழுதியிருந்தால் அது சல்மன் இல்லை, சின்னச் சுறா. சுறாப் புட்டுத் தின்னுற எங்களுக்கு அது நல்ல சாமான்தான், முள்ளில்லை, நடுவில குருத்தெலும்பு மட்டும். ஆனா வட அத்லாந்திக்கில அந்த இனம் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டுக் குறைஞ்சு போச்சு, அதால நான் எண்டால் வாங்கச் சொல்ல மாட்டன்.

மன்செஸ்ரர் பக்கம் இருக்கிற மச்சாள் சிப்ஸுக்கு மேல கிரேவி ஊத்தித் தின்னுறா, லண்டன் மச்சாள் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறா. உண்மையில சிப்ஸுக்கு என்ன ஊத்துறவை? (சுன்னாகம் வாசகி)

தங்கச்சி, இதுதான் எனக்கு மிச்சம் பிடிச்ச கேள்வி. வடக்கில கிரேவி, அதில மாற்றமில்லை. மன்செஸ்ரருக்கு அங்கால விகன் எண்டு ஒரு ஊர், அங்க பட்டாணி அவிச்ச தண்ணியையே சிப்ஸுக்கு ஊத்தித் தருவினம், பீ வெற் எண்டு பேர், அதோட "பை" (pie) எண்டு மாவுக்குள்ள இறைச்சியை மூடிப் பேக் பண்ணினதைப் பணிசுக்குள்ள வைச்சுக் குடுக்கிறதும் அந்த ஊர்தான். எடின்பரோவில பிறவுண் சோசை வினாகிரியோ தண்ணியோ விட்டு நீத்தாக்கி உப்போட தெளிப்பினம், "சோல்ற் அன்ட் சோஸ்?" எண்டுதான் கடையில கேட்பினம், அங்கயிருந்து ரெயினில ஒரு மணித்தியாலம் கூட இல்லாத கிளாஸ்கோவுக்குப் போனால் உப்பும் வினாகிரியும்தான், சோஸ் எண்டு கேட்டால் எடின்பரோ ஆளோ எண்டு பார்ப்பினம். ஹல்லில பப்ரிக்காத்தூளும் உப்பும் கலந்த சிப் ஸ்பைஸ். வேல்ஸில கறி சோஸ் நல்லா ஓடும், காடிஃபில ஹாஃப் அன்ட் ஹாஃப் எண்டால் பாதி சோறு பாதி சிப்ஸ் போட்டு மேல கறி. அந்தக் கறி சோஸில உறைப்பை எதிர்பார்க்காதேங்கோ, மஞ்சள் நிறமா, தடிப்பா, இனிப்பாத்தான் இருக்கும். லண்டன் கடையில எண்டால் சோசை விட வினாகிரியில ஊறப்போட்ட கேர்கின் எண்ட சின்ன வெள்ளரிக்காய், ஊறப்போட்ட முட்டை, சிவத்தத் தோல் சொசேஜ் ஒண்டு, சவலோய் எண்டு பேர்.

யோர்க்ஷயரில மீன் பொரிக்கேக்க உதிர்ந்து மிதக்கிற மாத்துண்டுகளை வாரி ஸ்க்ராப்ஸ் எண்டு சும்மாவே போட்டுத் தருவினம், லண்டனில போய் அதைக் கேட்டால் என்ன கேட்கிறாய் எண்டு முழிப்பினம். ஃபிஷ் கேக்கும் அப்பிடித்தான். தெற்கில மீனையும் கிழங்கையும் மசிச்சு உருட்டி ரஸ்க் தூளில பிரட்டினது, எங்கட கட்லட் தான், ஆனா ஷெஃபீல்டில ரெண்டு கிழங்குத் துண்டுக்கு நடுவில மீனை வைச்சு மாவில தோய்ச்சுப் பொரிக்கிறது. ஹல்லில மசிச்ச கிழங்கில சேஜ் எண்ட ஒரு இலையைப் போட்டுத் மாவில தோய்ச்சுப் பொரிச்சு "பற்றி" (pattie) எண்ட பேரில விக்கினம், அதில மீனே இல்லை. ரெண்டு மச்சாளும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, அவை இருக்கிற ஊரின்ர வாய் அவைக்கு வந்திட்டுது, அது நல்ல விஷயம்தானே.

மார்ஸ் சொக்லேற்றை மாவில தோய்ச்சுப் பொரிக்கிறது உண்மையோ அக்கா? (மானிப்பாய் மாணவன்)

உண்மை தம்பி. ஸ்கொட்லாந்தின்ர வடகிழக்குக் கரையில ஸ்டோன்ஹேவன் எண்ட ஊர்ச் சிப்ஸ் கடையில 1990களின்ர தொடக்கத்தில வந்தது. ஆனா ஸ்கொட்லாந்து எண்டவுடன இதை மட்டும் கதைக்கிறது அந்த நாட்டுச் சாப்பாட்டுக்குச் செய்யிற அநியாயம் எண்டுதான் நான் சொல்லுவன். அந்தக் கரையில ஆர்ப்ரோத் எண்ட ஊரில ஹடொக்கைச் சோடி சோடியா வாலில கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டு எடுக்கிறது இருக்கு, புகை போட்ட ஹடொக்கும் கிழங்கும் பாலும் போட்ட கலன் ஸ்கிங்க் எண்ட சூப் இருக்கு, கூழ் குடிச்ச வாய்க்கு அது உடன பிடிக்கும்.

மஷி பீஸ் எண்டதை இஞ்ச வீட்டில செய்யலாமோ? பேரன் வந்து கேட்கிறான். (வேலணை வாசகி)

ஓம் அம்மா, லேசு. சிப்ஸோட குடுக்கிற மசிஞ்ச பட்டாணிதான் அது. அங்க மரோஃபற் எண்ட பெரிய பட்டாணியைக் காய வைச்சு எடுத்துச் செய்யிறவை, இஞ்ச கடையில விக்கிற காய்ஞ்ச பச்சைப் பட்டாணி போதும். இரவு கொதிதண்ணியில அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி போட்டு ஊற விடுங்கோ, விடிய அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு நல்லாக் கழுவிப் புதுத்தண்ணி விட்டு மெல்லிய நெருப்பில வையுங்கோ. பருப்பு மாதிரித் தானாக் கரைஞ்சு வரும், கடையக் கூடாது, அங்கங்க முழுப் பட்டாணி தெரிய வேணும். அடிப்பிடிக்கும், அடிக்கடி கிண்டுங்கோ. உப்பைக் கடைசியாப் போடுங்கோ. பேரன் நொட்டிங்ஹாம் பக்கத்துப் பிள்ளையெண்டால் மின்ற் சோஸும் கேட்பான், புதினாவைப் பொடியா வெட்டி வினாகிரியும் சீனியும் கலந்து மேல விட்டுக் குடுங்கோ.